வால் முளைத்த கையெழுத்து

ஏழாவது கையெழுத்துக்கும் அதற்கு முந்தைய ஆறுக்கும் ஒரு சொந்தபந்தமும் இல்லை. மூன்றாவது மட்டும் தூரத்துச் சித்தப்பா பிள்ளை மாதிரி லேசாகச் சாயல் காட்டியது. மற்றதெல்லாம் வழிப்போக்கர்கள்.

மெத்தையக்கா பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அடையாள அட்டையை ஒரு கையிலும், அவள் கையெழுத்துப் போட்ட தாளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவரைத் தேடி வந்த போலீஸ்காரர் போல மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது யாரு மேடம்?"

"நான்தான்."

"அப்ப இது?"

"இதுவும் நான்தான்."

"அப்ப நீங்க ரெண்டு பேரு. எனக்கு ஒருத்தர்தான் வேணும்."

அவர் தர மேலாளர். சோதனைக்கூடத்தில் அவருக்கு விதிமுறை என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே மட்டும் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள். தும்மினால்கூட எந்தப் பிரிவின்கீழ் தும்மினோம் என்று யோசிக்கிற மனிதர். கெட்டவர் இல்லை. நல்லவராக இருப்பதற்கு எழுத்துமூலமான உத்தரவு கிடைக்காததால் காத்துக்கொண்டிருப்பவர்.

அது மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் சோதித்து அறிக்கை கொடுக்கும் கூடம். அங்கீகாரம் பெற்றது. நடுக்கூடத்தில் ஆளுயர மெத்தையின்மேல் ஒரு பெரிய மர உருளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு குண்டு மனிதர் வருஷக்கணக்கில் புரண்டு புரண்டு படுத்தால் மெத்தை என்ன ஆகுமோ, அதை அந்த உருளை சில நாளில் செய்து முடித்துவிடும். தொம்... தொம்... என்று தாலாட்டுப் போல அதன் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் வாரம் கொட்டாவியிலேயே கழிப்பார்கள். ஊரின் தூக்கத்தையெல்லாம் லாரியில் கொண்டுவந்து இறக்கும் அந்த இடத்தில் தூங்குவதற்கு மட்டும் தடை. மாதிரிகளின்மேல் உட்காரக்கூட முடியாது.

மெத்தையக்கா அங்கே சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு நரையில்லை. இப்போது மெத்தையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, "இது நடுவுல குழியும்" என்பாள். உருளை சில நாள் ஓடி முடித்து, "ஆமாம்" என்று ஒப்புக்கொள்ளும். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை கூடத்துக்கே மூத்தவரான பெரிய சாருக்கு மட்டும்தான். அளப்பது அவள், கணக்குப் போடுவது அவள், எழுதுவது அவள். தாளின் அடியில் இருக்கும் அந்த ஒற்றைக் கோட்டின்மேல் மட்டும் பெரிய சாரின் பச்சை மை. ஒரு குழந்தையைப் பெற்று வளர்த்துப் பள்ளிக்கூட வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், "நீங்க யாரு?" என்று கேட்கப்பட்டுத் திரும்பி வருகிறவள் மாதிரி ஒவ்வொரு அறிக்கையின்போதும் அவளுக்கு இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது பெரிய சார் மாதக் கடைசியோடு கிளம்புகிறார். கடல் தாண்டி இருக்கும் மகள் வீட்டுக்கு. அவர் போய்விட்டால் கையெழுத்துப் போட ஆளில்லை. கையெழுத்தில்லாத அறிக்கை பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். முதலாளி மெத்தையக்காவைக் கூப்பிட்டு, "இனிமே நீங்கதாம்மா" என்றார். வெளியே வந்து தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் முதலாளி சொன்னால் மட்டும் போதாது. அங்கீகாரம் கொடுத்த சபையிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். படிப்பு, அனுபவம், பயிற்சி எல்லாவற்றையும் பார்ப்பார். கேள்வி கேட்பார். வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார். கடைசியில், கண்ணெதிரே மாதிரிக் கையெழுத்து வாங்குவார். அது அடையாள அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கேள்விக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். கையெழுத்தை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

புது அட்டைக்கு விண்ணப்பித்தால் என்ன என்று அவள் கேட்டாள். அது வந்து சேர்வதற்குள் பெரிய சாரின் பேரப்பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும் என்று விதிமுறை சொன்னார்.

உண்மையைச் சொன்னால் மெத்தையக்காவுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கமே இல்லை. வேலைத்தாளில் பெயரின் முதலெழுத்து ஒன்றைக் கிறுக்கினால் போதும். சம்பளமும் வாடகையும் கைபேசியிலேயே வந்து போகின்றன. மற்ற காகிதங்கள் எப்படியோ அவளைத் தொந்தரவு செய்யாமலே வந்த வழி போய்விடும்.

அட்டையில் இருந்த கையெழுத்தோ, அடேயப்பா. முதலெழுத்து பாம்பு படமெடுத்தது மாதிரி தலையைத் தூக்கி நின்றது. அங்கிருந்து மேடும் பள்ளமுமாக ஓடி, கடைசியில் ஒரு நீண்ட வாலைப் பின்பக்கமாக வீசி, போனால் போகிறதென்று இரண்டு புள்ளி வைத்து முடிந்திருந்தது. யாருக்கும் பயப்படாத கையெழுத்து. அதன் பக்கத்தில் பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அவளுடைய முகம், கண்ணில் தூக்கத்தோடு.

மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம். அந்த வருஷம் பூராவும் பஞ்சுக்குள்ளிருந்து கேட்ட சத்தம் மாதிரிதான் நினைவில் இருக்கிறது. எப்போது குளித்தாள், எப்போது சாப்பிட்டாள், எப்போது இந்த அட்டைக்கு எழுதிப்போட்டாள், ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தூக்கக் கலக்கத்திலும் இப்படி ஒரு வாலை வீசியிருக்கிறாளே என்று நினைத்தபோது, அந்தப் பெண்மேல் மெத்தையக்காவுக்கு ஒரு மயக்கமே உண்டாயிற்று. எவ்வளவு தைரியசாலி. எங்கே போய்விட்டாள் அவள்?

*

முதலில் உதவிக்கு வந்தவள் மில்லிமீட்டர். கருவிகளைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. காதலித்தவனைக்கூட மூன்று தடவை வேறு வேறு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள் என்று கூடத்தில் ஒரு பேச்சு உண்டு.

ஒன்றைப் பத்துத் தடவை அளக்காமல் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அவள் கொள்கை. ஆகவே அக்காவைப் பத்துத் தடவை கையெழுத்துப் போட வைத்தாள். படத்தின் உயரம், வாலின் நீளம், மேட்டின் சாய்வு, புள்ளிகளுக்கு நடுவிலுள்ள தூரம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தாள். கூட்டினாள், வகுத்தாள், பிழை வரம்பு கண்டுபிடித்தாள். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் அளவுகோல் வைத்து, அக்காவின் சராசரிக் கையெழுத்து என்று ஒன்றை வரைந்து காட்டினாள். அது மழையில் நனைந்து மூலையில் சாத்திவைத்த குடை மாதிரி இருந்தது.

"பத்து போட்டேனே, கணக்குல ஒம்பதுதான இருக்கு?" என்றாள் மெத்தையக்கா.

"ஒண்ணு கூட்டத்தோட ஒட்டலக்கா. அதைக் கணக்குலேருந்து தள்ளிட்டேன்."

தள்ளியதை எடுத்துப் பார்த்தால், பத்தில் அது ஒன்றுதான் அட்டையில் இருந்ததன் கிட்டே வந்திருந்தது.

"அட்டையில இருக்கற மாதிரியே இருக்கேடி இது."

"இருக்கலாம். ஆனா உங்க கையெழுத்து மாதிரி இல்லியே."

அந்த நனைந்த குடையைப் பார்த்துப் பழகியதில், அதுவரை பத்தில் ஒன்றாவது வந்துகொண்டிருந்ததும் வராமல் போனது.

அடுத்து விதிமுறைக்கு ஒரு யோசனை தோன்றியது. சோதனைக்கு முன்னால் மெத்தையையே ஒரு நாள் பதப்படுத்தும் அறையில் வைக்கிறோம். எப்போதும் ஒரே குளிர், ஒரே ஈரம். அப்படியிருக்க, வெயிலில் நடந்து வந்து, டீ குடித்து, படியேறி மூச்சு வாங்குகிற கையை அப்படியே கையெழுத்துப் போடச் சொன்னால் அது எப்படி நிலையாக வரும் என்று கேட்டார். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. அந்தக் கூடத்தில் வேலை பார்ப்பவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அது நியாயமாகத் தோன்றியிருக்காது.

காலையில் அவளைப் பதப்படுத்தும் அறைக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சுற்றிலும் அலமாரிகளில் தலையணைகள் வரிசையாக இருந்தன. விளக்கு மங்கல். சுவருக்கு அந்தப் பக்கம் உருளை தொம்... தொம்... என்றது. சிறிது நேரத்தில் தலையணைகளெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பிறகு கதவு திறக்காமலே அட்டையில் இருந்த அந்தப் பெண் உள்ளே வந்தாள், தோளில் குழந்தையோடு. அலமாரியின் கீழ்த்தட்டில் வந்து உட்கார்ந்தாள். விரலால் காற்றில் கையெழுத்துப் போட்டாள். வால் நீண்டு, தலையணைகளைச் சுற்றி, வெளிச்சம் வரும் இடுக்கு வழியாக நூல் மாதிரி வெளியே போனது.

எப்படிப் போட்டாய் என்று மெத்தையக்கா அவளைக் கேட்டாள்.

"தூக்கம் வருதுக்கா" என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது மெத்தையக்காவுக்குச் சளி பிடித்திருந்தது. வெளியே வந்ததும் வராததுமாகத் தாளை நீட்டினார்கள். போட்டாள். நடுவில் ஒரு தும்மல் பதிவாகிவிட்டது. மில்லிமீட்டர் அதையும் அளந்து வைத்துக்கொண்டாள்.

*

வீட்டில் அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. இந்த வயதில் கையெழுத்துப் போடப் பழகுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? மதிப்பீட்டாளர் வருகிறார், கேள்வி கேட்பார் என்பது மட்டும் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஊரிலுள்ளவர்களை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, தான் மட்டும் எப்போதும் படியேறி வருகிற மனிதர். "உனக்குத் தெரியாத கேள்வியையா அவங்க கேட்டுடப் போறாங்க" என்றார். அதோடு சரி.

குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் அதில் ஒரு கையெழுத்து. தூசி படிந்த ஜன்னலில் ஒன்று. துவைக்கப் போட்ட துணியின்மேல் சோப்புக் கட்டியால் ஒன்று. கல்லூரிக்குப் போகும் மகள் குளித்துவிட்டு வந்து, கண்ணாடியில் பாம்பு வரைந்திருப்பது யார் என்று கேட்டாள். பல்லி போயிருக்கும் என்று அம்மா சொன்னாள். பல்லி புள்ளி வைக்குமா என்று மகள் முனகிக்கொண்டே போனாள்.

ஒரு விடிகாலையில் தூக்கம் கலைந்து படுத்திருந்தாள். வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அகலமான முதுகு. நல்ல தாள் மாதிரி இருந்தது. மெதுவாக விரலை வைத்துப் படத்தைத் தூக்கினாள், மேடு பள்ளம் ஏறினாள், வாலை வீசினாள்.

அவர் தூக்கத்திலேயே, "இன்னும் கொஞ்சம் கீழ..." என்றார்.

வாலை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி இழுத்தாள்.

"ஆங். அங்கதான்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.

அன்றைக்குக் காலையில் தாளில் போட்டுப் பார்த்தால் வால் அச்சாக அட்டையில் இருப்பது போலவே விழுந்தது. இத்தனை நாளும் அதை உயரத்தில் பிடித்து இழுத்திருக்கிறாள். அரிப்பெடுத்தவர் சொன்ன வாக்கு அருள்வாக்காகிவிட்டது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கை தானாக ஓட ஆரம்பித்தது.

ஓடியது நின்றால்தானே. அங்கேதான் வினை வந்தது.

கை ஒன்றைக் கற்றுக்கொண்டால் எல்லா இடத்திலும் அதைக் காட்டிக்கொள்ளப் பார்க்கும், புது வளையல் போட்ட பெண் மாதிரி. மெத்தையக்காவின் எழுத்தெல்லாம் தலை தூக்கியது. எண்களுக்கெல்லாம் வால் முளைத்தது. முக்கியமாக ஏழு. அது படமெடுத்து, தலையைச் சுருட்டிக்கொண்டு, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்பதாகவே நின்றது.

அன்று அவள் தலையணை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு, மெல்லிறகைத் தனியாக, தடித்த இறகைத் தனியாகப் பொறுக்க வேண்டும். பெட்டிக்குள் இறகுகள் மெதுவாக எழும்பி, யோசித்து, விழும். பனியை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது போன்ற வேலை. பொறுக்கி, நிறுத்து, மெல்லிறகு எழுபது சதவீதம் என்று எழுதினாள். தட்டச்சு செய்கிற பெண் தொண்ணூறு என்று அடித்தாள். சரிபார்க்க அவளிடமே வந்தது. அவள் அப்போது தாளின் மேலே விரலால் வாலை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று அனுப்பிவிட்டாள். பெரிய சார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிந்து பேருந்துக்காக நின்றபோதுதான் அவளுக்கு அந்தத் தலையணையின் நினைவு வந்தது. பிரிப்பதற்கு முன்னால் அதை அமுக்கிப் பார்த்திருக்கிறாள். சரசரவென்றது. தொண்ணூறு சரசரக்காது. தொண்ணூறு பெருமூச்சுதான் விடும்.

வந்த பேருந்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். தபால் எடுக்க வந்தவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். அவன் பையைப் பிடித்துக்கொண்டு தொங்காத குறை. உறையை வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

மறுநாள் விதிமுறை குறைபாட்டுப் பதிவேட்டைத் திறந்தார். தவறு நடந்தால் அடிக்காரணம் கண்டுபிடிக்கும் வரை 'ஏன்' கேட்க வேண்டும். அது விதி.

"ஏழு ஏன் ஒம்பதாச்சு?"

"படம் எடுத்துச்சு சார்."

"ஏன் படம் எடுத்துச்சு?"

"கையெழுத்துப் பழகினதால."

"ஏன் பழகினீங்க?"

"நீங்க சொன்னதால."

அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்திருந்தார். "இதுக்கு மேல ஏன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுதினார்.

எழுதியதை மறைக்க முடியாது. மதிப்பீட்டாளர் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார். எழுபதைத் தொண்ணூறாக விட்டவளுக்கா கையெழுத்து உரிமை என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது கதை. அந்த ஒற்றைக் கோடு இனி வேறு யாராவது வெளியாளுக்குத்தான். முதலாளி ஏற்கெனவே இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்கிறார் என்று மில்லிமீட்டர் வந்து சொன்னாள். மெத்தையக்கா அன்று முழுக்க ஏழு எழுத வேண்டிய இடத்திலெல்லாம் எழுத்தால் 'ஏழு' என்று எழுதினாள்.

*

மதிப்பீட்டாளர் சின்ன உருவம். மூக்குக் கண்ணாடி. நடந்தால் சத்தம் வராத காலணி. கூடத்துக்குள் நுழைந்ததும் உருளையைப் பார்த்துக்கொண்டு நின்று, ஒரு கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மடித்துவைத்தார். பிறகு மெத்தையக்காவோடு ஒவ்வொரு சோதனையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்த அளவை எப்படி எடுக்கிறாள், எவ்வளவு பிசகலாம், கருவி பொய் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்டார். குரல் உயரவேயில்லை. மெத்தையக்கா கதை சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"உருளை நின்னதும் உடனே மெத்தையோட உயரத்தை அளந்துடுவீங்களா?"

"இல்லீங்க. அதுவும் மூச்சு வாங்கிட்டு நிமிரணுமே. அதுக்குண்டான நேரம் குடுப்பேன்."

"முதலாளி வந்து அவசரம்னா?"

"அவருக்கு ஒரு நாற்காலி போடுவேன்."

பின்னால் நின்றிருந்த முதலாளி இருமினார்.

அடுத்து பதிவேடு. மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். 'நீங்க சொன்னதால' என்ற இடத்தில் அவர் உதடு ஒருமுறை துடித்து அடங்கியது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். அப்போது அறிக்கை எங்கே இருந்தது என்றார். தபால்காரன் பையில் என்றாள். பெரிய சார் கையெழுத்தே போட்டுவிட்ட பிறகு உங்களுக்கு என்ன கவலை என்று கேட்டபோது, உருளையைத் தவிர எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

மெத்தையக்கா ஒத்திகை பார்த்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"அந்தத் தலையணையில யாரோ ஒருத்தங்க நம்பித் தலை வைக்கப்போறாங்க. அவங்க ஒரு நாள் எழுந்து வந்து, இதை நல்லதுன்னு சொன்னது யாருன்னு கேட்டா, நான்தான்னு சொல்ல ஒரு ஆளு வேணும். அதுக்குத்தான கையெழுத்து."

மதிப்பீட்டாளர் பதிவேட்டை மூடினார். மாதிரிக் கையெழுத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

விதிமுறை படிவத்தை மேசைமேல் விரித்து, நான்கு மூலையையும் தடவிவிட்டு, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்தார். மில்லிமீட்டர் கண்ணை மூடிக்கொண்டாள். மெத்தையக்கா பேனாவை எடுத்தாள்.

தொம்... தொம்...

கூடம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போயிற்று. ஜன்னல் வழியே வந்த வெயிலில் எங்கிருந்தோ தப்பித்த இறகொன்று இறங்க மனசில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. தோளில் குழந்தையோடு அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். பால் வாசனை வந்தது. இந்தத் தடவை மெத்தையக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்து நின்றார்கள், அவ்வளவுதான். படம் எழுந்தது. மேடும் பள்ளமும் ஓடின. வால் கீழே இறங்கிப் பின்னால் வீசியது. புள்ளி. இன்னொரு புள்ளி.

மூன்று தடவை போடச் சொன்னார் மதிப்பீட்டாளர். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக வந்து விழுந்தன. மில்லிமீட்டருக்குப் பொறுக்கவில்லை, கருவியை எடுத்து அட்டையருகே கொண்டுபோனாள், பிறகு அப்படியே கீழே வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, "அளக்கவே வேண்டாம்க்கா" என்றாள். மதிப்பீட்டாளர் படிவத்தின் கீழே ஒப்புதல் எழுதினார். விதிமுறை தன் சட்டைப்பையிலிருந்து புதுப் பேனா ஒன்றை எடுத்து, எந்தப் பிரிவையும் சொல்லாமல், அவளிடம் நீட்டினார்.

அன்று மத்தியானமே முதல் அறிக்கை வந்தது. அதே தலையணைதான். மெல்லிறகு எழுபது. அடியில் அந்த ஒற்றைக் கோடு. மெத்தையக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய்வதற்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

*

அறிக்கையைக் கூடத்துக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. ஆகவே வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்திலேயே போட்டுக் காட்டினாள். மகள் இரண்டு கையாலும் தாளைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியில் வந்த பல்லி இதுதானா என்று சிரித்தாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

மெத்தையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நனைந்த குடை, தும்மல், ஏழு, தபால் பை, ஒன்றையும் விடவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் எப்பேர்ப்பட்டவளாக இருந்திருக்கிறேன் தெரியுமா என்று மகளிடம் சொன்னாள். கண்ணைத் திறக்க முடியாத அந்தத் தூக்கத்திலும், யாருக்கும் பயப்படாமல் வாலை வீசி ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளை இத்தனை வருஷம் தொலைத்துவிட்டேன். தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் சாகிறவரைக்கும் இதுதான் என் கையெழுத்து.

வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளின் ஓரத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்தார். மறுபடியும் செய்தித்தாளைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது.

"அட, இது நான் போட்டதாச்சே. கையெழுத்து வாங்கலாம்னு படிவத்தை எடுத்துக்கிட்டு வந்தேன், நீ பாப்பாவைக் கட்டிக்கிட்டு அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல."